ஓடுகிற கியாஸ் குழாயில் ஓட்டை! வெடிக்காமல் வேலை முடிப்பது எப்படி?

கலவை,

வீட்டுத் தண்ணீர்க் குழாயில் ஒரு கிளை எடுக்க வேண்டுமானால் பிளம்பர் முதலில் என்ன செய்கிறார்? மொட்டை மாடிக்குப் போய் டேங்க் வால்வை மூடுகிறார். குழாயில் மிச்சம் இருக்கிற தண்ணீர் வடியட்டும் என்று ஒரு பீடி பற்ற வைக்கிறார். அதற்குப் பிறகுதான் ரம்பத்தைக் கையில் எடுக்கிறார்.

பூமிக்கு அடியில் ஓடும் ராட்சத கியாஸ் குழாயில் கிளை எடுக்க வேண்டுமானால்?

அங்கே வால்வை மூடுவது இல்லை. கியாசை வடிப்பதும் இல்லை. (பீடிக்கு அந்தப் பக்கமே இடம் கிடையாது.) உள்ளே கியாஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாயின் மேல் தீப்பொறி பறக்க வெல்டிங் வைக்கிறார்கள். பிறகு குழாயின் உடம்பிலேயே வட்டமாக ஓட்டை போடுகிறார்கள். அந்தக் குழாயை நம்பி எரிகிற அடுப்புகளில் ஒன்றுகூட அணைவது இல்லை!

இந்த வேலைக்கு "ஹாட் டேப்பிங்" என்று பெயர். கேட்டாலே பகீர் என்கிறது. ஆனால் உலகம் முழுவதும் கியாஸ் கம்பெனிகளில் இது வழக்கமாக நடக்கிற வேலை. ஒழுங்காகச் செய்தால் ஒரு மூச்சு கியாஸ்கூட வெளியே வராது. ஒழுங்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் உலகத்தில் சாட்சி இருக்கிறது.

இது பற்றிய விவரம் வருமாறு:-

எண்ணூர் கியாஸ்

சென்னையை அடுத்த எண்ணூரில் இந்தியன் ஆயில் கம்பெனியின் இயற்கை கியாஸ் முனையம் 2019-ம் ஆண்டு திறக்கப்பட்டது. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரூட்டி, தண்ணீர் மாதிரி திரவமாக்கிக் கப்பலில் கொண்டுவரும் கியாசை அங்கே இறக்கி, மறுபடியும் ஆவியாக்கிக் குழாயில் விடுகிறார்கள். ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் முனையம் அது.

அங்கிருந்து புறப்படும் குழாய்த் திட்டத்தின் பெயரே ஒரு ரெயில் டைம் டேபிள் போல இருக்கும். எண்ணூர்-திருவள்ளூர்-பெங்களூரு-புதுச்சேரி-நாகப்பட்டினம்-மதுரை-தூத்துக்குடி! இதில் திருவள்ளூரில் இருந்து பெங்களூரு வரை உள்ள 271 கிலோ மீட்டர் பகுதியை 26-5-2022 அன்று சென்னையில் நடந்த விழாவில் பிரதமர் மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தார். அந்தப் பகுதிக்கு ஆன செலவு மட்டும் 910 கோடி ரூபாய்க்கு மேல்.

வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் குழாயில் கியாஸ் கொடுப்பதற்காக நாட்டைப் பல வட்டாரங்களாகப் பிரித்தார்கள். பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் அப்போது சித்தூர், கோலார், வேலூர் ஆகிய 3 மாவட்டங்களையும் ஒரே வட்டாரமாகச் சேர்த்தது. வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிவதற்கு முந்தைய கணக்கு அது. ஆகவே கலவை, ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாமே அந்தக் கணக்குக்குள் வந்துவிடும்.

தோல் தொழிலுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. தோல் பதனிடும் இடத்தில் கொதிநீர் வேண்டும், நீராவி வேண்டும், காயவைக்கச் சூடு வேண்டும். அதற்காகத்தான் பாய்லர். பாய்லர் வயிற்றுக்கு விறகோ, எண்ணெயோ, நிலக்கரியோ போட்டாக வேண்டும். அந்த இடத்தில் குழாய் கியாஸ் வந்தால் விறகு லாரியும் வேண்டாம், சாம்பல் அள்ளும் வேலையும் இல்லை.

ஆனால் கியாஸ் தானாக வந்து பாய்லருக்குள் குதிக்காது. பெரிய குழாயில் இருந்து ஊருக்கு ஒரு கிளை. ஊர்க் கிளையில் இருந்து பேட்டைக்கு ஒரு கிளை. பேட்டையில் இருந்து கம்பெனிக்கு ஒரு கிளை. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு ஓட்டை. முதலிலேயே யோசித்து வால்வு வைத்துவிட்டுப் போன இடங்களில் பிரச்சினை இல்லை. யோசிக்காமல் விட்ட இடத்துக்குத்தான் ஹாட் டேப்பிங்.

டீக்கடைப் பேச்சு

இப்படி ஒரு வேலை நடக்கப் போகிறது என்று தெரிந்தால் டீக்கடையில் பேச்சு எப்படிப் போகும் என்று ஊகிக்க முடியும்.

"இன்னா பாய், கியாஸ் ஓடிக்கினு இருக்கச் சொல்லவே பைப்பு மேல வெல்டு வெப்பாங்களாமே? வெடிச்சிடாதா?"

"அதுக்கு மிஷினு கீதாம் நைனா."

"மிஷினு இருந்தா? நெருப்புக்குத் தெரியுமா மிஷினு?"

நைனா கேட்கும் கேள்வி நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் நெருப்பின் குணத்தில் இருக்கிறது.

கியாஸ் மட்டும் இருந்தால் தீ எரியாது. காற்று மட்டும் இருந்தாலும் எரியாது. இரண்டும் ஒரு கணக்கில் கலக்க வேண்டும். 100 பங்கில் கியாஸ் 5 பங்குக்குக் குறைவாக இருந்தால் பற்றாது. 15 பங்குக்கு மேல் போனாலும் பற்றாது. 5-க்கும் 15-க்கும் நடுவில் இருந்தால்தான் எமன்! (ஊரின் பெயரே கலவை. கலவையின் அருமையை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியது இல்லை.)

ஓடுகிற குழாய்க்குள் முழுக்க முழுக்க கியாஸ்தான். காற்றுக்கு அங்கே இடமே இல்லை. ஆகவே உள்ளே கத்தி சுழன்று பொறி பறந்தாலும் தீப்பிடிப்பதற்கு வழி கிடையாது. வேடிக்கை என்னவென்றால், கியாசை வடித்துவிட்டுச் செய்யும்போதுதான் குழாய்க்குள் காற்று நுழைகிறது. சரியாகச் சுத்தம் செய்யாமல் விட்டால் அங்கேதான் அந்த 5-க்கு 15 கணக்கு வந்து உட்காரும்.

ஏன் மூடக்கூடாது?

"ஒரு நாள் மூடினால்தான் என்ன குடி முழுகிவிடும்?" என்று கேட்கலாம்.

பெரிய குழாயில் ஒரு வால்வுக்கும் அடுத்த வால்வுக்கும் நடுவே பல கிலோ மீட்டர் தூரம் இருக்கும். அத்தனை தூரத்துக் கியாசையும் வானத்தில் விட வேண்டும். பணம் புகையாகப் போவது ஒரு பக்கம். பூமியைச் சூடாக்குவதில் இந்த மீத்தேன் கியாஸ், 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 80 மடங்கு பொல்லாதது.

அதைவிட நெருக்கமான ஆபத்து வீட்டுக்குள் இருக்கிறது. குழாய் கியாஸ் எரியும் அடுப்பு திடீர் என்று அணைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கார அம்மா திருகை மூட மறந்து கடைக்குப் போய்விடுகிறார். இரண்டு மணி நேரம் கழித்து கியாஸ் திரும்ப வருகிறது. அடுப்பு எரியாது, கியாஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். மூடிய சமையல் அறை. சுவிட்சைத் தட்டினால் போதும். ஊர் முழுக்க இப்படி எத்தனை அடுப்போ?

எனவேதான் ஓட்டத்தை நிறுத்தாமல் வேலை.

எவ்வளவு அழுத்தம்?

வீட்டு அடுப்புக்கு வரும் குழாய் கியாசின் அழுத்தம் வெறும் 21 மில்லிபார். வாயால் ஊதுவது போலத்தான். தெருவில் ஓடும் மஞ்சள், ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் குழாயில் 4 பார் வரை இருக்கும். நகரத்தைச் சுற்றிப் போடும் இரும்புக் குழாயில் 49 பார் வரை அனுமதி உண்டு. கார் டயரில் இருக்கும் காற்றைப் போல 20 மடங்குக்கு மேல்! ஊர் விட்டு ஊர் போகும் பெருங்குழாயில் அதையும் தாண்டும்.

அந்த அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பது குழாயின் சுவர். அதன் தடிமன் பல இடங்களில் ஒரு சுண்டுவிரல் அகலம்கூட இருக்காது. வெல்டர் குந்தி வேலை செய்வது அந்தச் சுவரின் மேல்தான்.

மில்லிமீட்டரில் உயிர்

முதலில் மண்ணைத் தோண்டிக் குழாயை வெளியே எடுக்கிறார்கள். கடைசி சில அடிக்கு ஜே.சி.பி. கூடாது. கடப்பாரையைக்கூட யோசித்துத்தான் போட வேண்டும், மண்வெட்டிதான். துருப்பிடிக்காமல் இருக்கச் சுற்றிய பிளாஸ்டிக் உறையை உரித்துப் பளபள என்று சுத்தம் செய்கிறார்கள்.

அடுத்து அல்ட்ராசோனிக் கருவி வருகிறது. கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஸ்கேன் எடுப்பது போல ஒலி அலையை விட்டுச் சுவரின் தடிமனை அளக்கிறார்கள். கிளை வரும் இடத்தில், வெல்டிங் வரும் வட்டம் முழுவதும், அங்குலம் அங்குலமாக அளக்க வேண்டும். "வாங்கும்போது 8 மில்லிமீட்டர் என்று பில்லில் போட்டிருக்கிறதே" என்று சொல்லித் தப்ப முடியாது. 10 ஆண்டு மண்ணில் கிடந்த இரும்பை உள்ளே துரு தின்றிருக்கலாம். இரும்புத் தகடு உருட்டியபோதே உள்ளே இரண்டு ஏடாகப் பிரிந்திருக்கலாம். மேலே பார்த்தால் நல்ல இரும்பு, உள்ளே பரோட்டா!

6.4 மில்லிமீட்டர், அதாவது கால் அங்குலம், அதற்கு மேல் இருந்தால் வெல்டிங் சூட்டில் சுவர் பொத்துக்கொள்ளும் பயம் பெரிதாக இல்லை என்பது இந்தத் தொழிலின் அனுபவம். 4.8 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பின் விதிமுறையே தயங்குகிறது. இடத்தை மாற்று, இல்லாவிட்டால் வேலையை விடு.

பொத்துக்கொள்வது என்றால் என்ன? வெல்டிங் ராடின் நுனியில் பல ஆயிரம் டிகிரி சூடு. அந்தச் சூட்டில் சுவரின் மேல் பக்கம் உருகும். உள் பக்கமும் பழுத்துப் போனால் இரும்பு வலுவிழந்து, உள்ளே இருக்கும் கியாஸ் அந்த இடத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். வெல்டரின் முகத்துக்கு நேராக!

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் உள்ள பேட்டல் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கு ஒரு கணக்குக் கொடுத்தது. ஹைட்ரஜன் குறைந்த வெல்டிங் ராடு போட்டு வேலை செய்யும்போது சுவரின் உள் பக்கச் சூடு 982 டிகிரியைத் தாண்டக் கூடாது. சாதாரண செல்லுலோஸ் ராடு என்றால் 760 டிகிரிதான் எல்லை. சுவர் தடிமன், கரண்டின் அளவு, கையின் வேகம், கியாஸ் ஓடும் வேகம் இவற்றைப் போட்டுக் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் ராடைத் தொட வேண்டும்.

காகிதக் கிண்ணம்

இங்கே ஒரு அதிசயம். ஓடாமல் நிற்கிற கியாசைவிட ஓடுகிற கியாஸ் வெல்டருக்கு ஒரு வகையில் நண்பன்!

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் செய்து காட்டியிருப்பார். காகிதக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி விளக்கின் மேல் பிடித்தால் தண்ணீர் சுடுகிறது, காகிதம் எரிவதில்லை. சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. அதே மாதிரி ஓடும் கியாஸ் சுவரின் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. சுவர் பிழைக்கிறது.

ஆனால் நட்பும் அளவோடு இருக்க வேண்டும். கியாஸ் வெகு வேகமாக ஓடினால் வெல்டிங் பட்டென்று குளிர்ந்துவிடும். கொல்லன் பட்டறையில் பழுக்கக் காய்ந்த இரும்பைத் தண்ணீரில் முக்கினால் என்ன ஆகிறது? இறுகிப்போகிறது. இறுகிய இரும்பு கண்ணாடி மாதிரி, விரிசல் விடும். வெல்டிங் ராடில் ஈரம் இருந்தால் இன்னும் மோசம். ஈரத்தில் இருந்து பிரியும் ஹைட்ரஜன் உருகிய இரும்புக்குள் புகுந்து ஒளிந்துகொள்கிறது. வேலை முடிந்து, எல்லோரும் கை கழுவி வீட்டுக்குப் போன பிறகு, பல மணி நேரம் கழித்து, சத்தம் இல்லாமல் இரும்பு வெடிப்பு விடும்.

ஆகவே ராடுகளைச் சூட்டு அடுப்பில் வைத்து, எடுக்க எடுக்கத்தான் பயன்படுத்த வேண்டும். அட்டைப் பெட்டியைப் பிரித்து வரப்பில் போட்டுவிட்டுக் குழியில் இறங்கினால் வேலைக்கு ஆகாது. முடித்த வெல்டிங்கை உடனே பார்த்து "பாஸ்" போடுவதும் கிடையாது. விரிசல் வருவதற்கு நேரம் கொடுத்துக் காத்திருந்து, பிறகு காந்தத் தூளோ சாயமோ போட்டுச் சோதிக்கிறார்கள்.

வெல்டருக்குப் பரீட்சை

ராணிப்பேட்டைப் பக்கம் வெல்டருக்குப் பஞ்சம் இல்லை. பாரத மிகுமின் நிறுவனத்தின் பாய்லர் துணைக் கருவித் தொழிற்சாலை இங்கேதான் இருக்கிறது. அதைச் சுற்றி முளைத்த பட்டறைகளில் கை பழகியவர்கள் ஏராளம். திருச்சியில் அதே நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சிக் கூடம்கூட உண்டு.

ஆனால் பட்டறையில் தங்கப் பதக்கம் வாங்கிய கையாக இருந்தாலும் ஓடுகிற கியாஸ் குழாயில் நேராக விட மாட்டார்கள். தனிப் பரீட்சை வைப்பார்கள். ஒரு குழாய்த் துண்டுக்குள் தண்ணீரை ஓடவிட்டு, அதன் மேல் வெல்டிங் வைக்கச் சொல்வார்கள். ஓடும் கியாஸ் சூட்டை இழுப்பது போலத் தண்ணீர் இழுக்கும். பிறகு அந்த வெல்டிங்கை அறுத்து, வளைத்து, ஆசிட் தேய்த்துப் பார்ப்பார்கள். விரிசல் கண்டால் பெயில்.

பாஸ் ஆனவர்தான் குழிக்குள் இறங்குகிறார். குழிக்கு இரண்டு பக்கமும் தப்பி ஓட ஏணி. மேலே கியாஸ் மோப்பக் கருவி. தீயணைப்பு ஆட்கள் தயார் நிலை. குழாயின் அழுத்தத்தையும் முடிந்த அளவுக்குக் குறைத்து வைத்திருப்பார்கள். இத்தனைக்கும் நடுவில் அவர் கண்ணாடிக்குள் கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரு கோடு இழுக்கிறார். திறப்பு விழாக் கல்வெட்டில் எவர் எவர் பெயரோ வரும். இவர் பெயர் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

குழாயைச் சுற்றி இரண்டு பாதியாக மாட்டும் ஒரு இரும்புக் கவசம் உண்டு. "ஸ்பிளிட் டீ" என்பார்கள். பனியன் போட்ட மாதிரி குழாயைக் கவ்விக்கொள்ளும். அதன் முதுகில் மேல்நோக்கி ஒரு வாய். முதலில் இரண்டு பாதியையும் நீளவாக்கில் இணைக்கிறார்கள். பிறகு கவசத்தின் ஒரு முனையைக் குழாயோடு சேர்த்துச் சுற்றி வெல்டிங். அது முடிந்து ஆறிய பிறகுதான் மறுமுனை. இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தால் இரும்பு ஆறிச் சுருங்கும்போது இரண்டு பக்கமும் இழுத்து விரிசல் விடும். நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று இங்கே அவசரப்படுகிறவரை அந்தக் குழியின் பக்கமே சேர்க்கக் கூடாது.

ஓட்டை விழும் நேரம்

கவசத்தின் வாயில் ஒரு பெரிய வால்வு. வால்வின் மேல் துளை போடும் மிஷின். எல்லாம் போல்ட் போட்டு இறுக்கிய பிறகு, ஓட்டை போடுவதற்கு முன்பே கவசத்துக்கும் குழாய்க்கும் நடுவில் அழுத்தம் ஏற்றி ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதிலும் கவனம் தேவை. வெளி அழுத்தம் அதிகமாகிவிட்டால் உள்ளே இருக்கும் குழாயே டப்பா மாதிரி நசுங்கும்.

மிஷினுக்குள் இருக்கும் காற்றை நைட்ரஜன் விட்டு விரட்டுகிறார்கள். 5-க்கு 15 கணக்கை அங்கேயும் வரவிடக் கூடாதே!

பிறகு வால்வைத் திறந்து கத்தியை இறக்குகிறார்கள். முதலில் நடுவில் ஒரு சின்னத் துளைக்கருவி குழாயைத் துளைக்கிறது. கியாஸ் மேலே வந்து மிஷினை நிரப்புகிறது. ஆனால் மிஷின் மூடிய பெட்டி, வெளியே போக வழி இல்லை. அடுத்து கிண்ணம் போன்ற பல் கத்தி சுற்றிச் சுற்றி வட்டமாக அறுக்கிறது. அறுபட்ட வட்டத் துண்டுக்குத் தொழிலில் "கூப்பன்" என்று பெயர். சினிமா கூப்பனோ ரேஷன் கூப்பனோ இல்லை. இதைத் தொலைத்தால் வேறு கூப்பன் கிடைக்காது!

கூப்பன் குழாய்க்குள் விழுந்துவிட்டால் கியாஸ் அதை அடித்துக்கொண்டு போகும். எங்கோ ஒரு வால்வில் போய்ச் சிக்கும். அதற்காகச் சின்னத் துளைக்கருவியின் நுனியில் கம்பிக் கொக்கி இருக்கிறது. உள்ளே போகும்போது மடங்கி, போன பிறகு விரிந்து, துண்டைப் பிடித்துக்கொள்கிறது.

கத்தி எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும்? கண்ணுக்குத் தெரியாத வேலை. எல்லாம் டேப்பும் கணக்கும்தான். மிஷின் நீளம், வால்வு உயரம், கவசம், சுவர் தடிமன், குழாயின் வளைவு எல்லாவற்றையும் கூட்டி, கத்தியைச் சுமக்கும் தண்டில் அடையாளம் போட்டு வைத்திருப்பார்கள். கொஞ்சம் கூடினால் கத்தி குழாயின் அடிச்சுவரையும் அறுக்கும். திரும்ப இழுக்கும்போது கொஞ்சம் குறைந்தால், வால்வின் கதவு கத்தியின் மேலேயே மூடும். அப்புறம் மிஷினைக் கழற்றவும் முடியாது, விடவும் முடியாது. புலிவால்தான்.

கத்தி முழுக்க மேலே வந்ததும் வால்வு மூடப்படுகிறது. மிஷினில் மிச்சம் இருக்கும் கியாசை வெளியேற்றி, அழுத்தம் பூஜ்யம் என்று பார்த்த பிறகு மிஷினைக் கழற்றுகிறார்கள். கூப்பன் கைக்கு வருகிறது. அதை அளந்து பார்க்கிறார்கள். முன்னால் ஸ்கேன் கருவி காட்டிய தடிமனும் கூப்பனின் தடிமனும் ஒத்துப்போனால் எல்லோருக்கும் மூச்சு வரும்.

பெருங்குழாய்க்கு ஒன்றுமே தெரியாது. கியாஸ் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் நடந்த பயங்கரம்

இத்தனை சடங்கும் வீண் செலவு என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்று ஒரு சின்ன ஊர். சுற்றிலும் எண்ணெய்க் கிணறுகள். ஊருக்குப் பணம் கொழித்தது. பெரிய பள்ளிக்கூடம் கட்டினார்கள். பள்ளியைச் சூடாக்கக் கியாஸ் வாங்கினார்கள். அதற்கு மாதம் சுமார் 300 டாலர் செலவு.

பக்கத்தில் ஒரு எண்ணெய்க் கம்பெனியின் குழாய் போய்க்கொண்டிருந்தது. எண்ணெய் பிரித்த பிறகு மிஞ்சும் கழிவு கியாஸ் அதில் ஓடும். கம்பெனிக்கு அது வேண்டாத சரக்கு, கொளுத்தி விடுவார்கள். அந்த வட்டாரத்தில் பலரும் அதில் சும்மா கிளை எடுத்து எரித்துக்கொண்டிருந்தார்கள். "நாமும் எடுத்தால் என்ன?" என்று பள்ளி நிர்வாகம் நினைத்தது. 1937-ம் ஆண்டு ஆரம்பத்தில் காசு கொடுத்து வாங்கிய கியாசை நிறுத்திவிட்டு, அந்தக் குழாயில் கிளை எடுத்தார்கள்.

எங்கோ ஒரு இணைப்பு ஒழுகியது. கட்டிடத்துக்கு அடியில் இருந்த காற்றோட்டம் இல்லாத இடத்தில் கியாஸ் போய்ச் சேர்ந்தது. இயற்கை கியாசுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒருவருக்கும் தெரியவில்லை.

1937-ம் ஆண்டு மார்ச் 18-ந்தேதி, பிற்பகல் 3 மணி தாண்டி சில நிமிடம். பள்ளி விடுகிற நேரம். தொழிற்கல்வி வாத்தியார் ஒருவர் மரம் இழைக்கும் மின்சார மிஷினின் சுவிட்சைப் போட்டார். ஒரு பொறி.

கட்டிடம் அப்படியே எழும்பி விழுந்தது. ஏறத்தாழ 300 பேர் பலியானார்கள். பெரும்பாலோர் பிள்ளைகள். எண்ணெய் வயலில் வேலை செய்துகொண்டிருந்த தகப்பன்மார் ஓடிவந்து வெறும் கையால் செங்கலைப் புரட்டித் தங்கள் பிள்ளைகளைத் தேடினார்கள்.

அதற்குப் பிறகுதான் டெக்சாசில் சட்டம் போட்டார்கள். கியாசில் துர்நாற்றம் வீசும் ரசாயனம் கலக்க வேண்டும், ஒழுகினால் மூக்குக்குத் தெரிய வேண்டும் என்று. பிறகு உலகம் முழுவதும் அந்த வழக்கம் பரவியது. இன்றைக்கு ஆம்பூரில் ஒரு வீட்டில் சிலிண்டர் ஒழுகினால் மூக்கைப் பிடிக்கிறோமே, அந்த நாற்றத்துக்குப் பின்னால் அந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நகரம் கிராமம்

நம் பக்கத்திலும் உண்டு. ஆந்திராவில் அப்போது கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் இருந்த "நகரம்" என்ற பெயருடைய கிராமம். 27-6-2014 அதிகாலையில் அங்கே ஓடிய 18 அங்குல கியாஸ் குழாய் ஒழுகித் தீப்பிடித்தது. துரு தின்ற குழாய். வீடு, கடை, தென்னந்தோப்பு எல்லாம் கருகின. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டீக்கடையில் அடுப்புப் பற்ற வைத்தபோது தீ பிடித்ததாக அப்போது செய்திகள் வந்தன. ஊர் விட்டு ஊர் போகும் பெருங்குழாயில் பொதுவாக நாற்ற மருந்து கலப்பது இல்லை. ஊர் எல்லையில், வீடுகளுக்குப் பிரித்து விடும் இடத்தில்தான் கலக்கிறார்கள்.

அந்தக் கோர விபத்துக்கும் ஹாட் டேப்பிங்குக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் மண்ணுக்குள் கிடக்கும் குழாயின் சுவரை அளந்து பார்க்காமல் நம்பக்கூடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியது இல்லை.

இந்த வேலையைத் திருடர்களும் கற்றுக்கொண்டார்கள் என்பது இன்னொரு திடுக்கிடும் செய்தி. பெட்ரோல், டீசல் போகும் குழாயில் இரவோடு இரவாக வால்வை வெல்டிங் வைத்து, துளை போட்டு, டேங்கர் நிரப்பிக்கொண்டு போகிறார்கள். மெக்சிகோவில் ட்லாவெலில்பான் என்ற ஊரில் 18-1-2019 அன்று இப்படிப் போட்ட திருட்டு ஓட்டையில் பெட்ரோல் பீறிட்டது. குடத்தோடும் கேனோடும் ஓடிய ஜனங்கள் மீது தீ பாய்ந்தது. 137 பேர் செத்தார்கள். இந்தியாவிலும் இந்தத் திருட்டு பெருகியதால் 2011-ல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கினார்கள்.

ஜே.சி.பி. டிரைவர் கவனிக்க!

இந்தியாவில் இந்த வேலைக்கு விதிமுறை இல்லாமல் இல்லை. ஒழுங்குமுறை வாரியத்தின் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. 1986-ல் அமைந்த எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககத்தின் விதிமுறைகளும் இருக்கின்றன. அவற்றைக் குழிக்குள் இறங்குவதற்கு முன்பு ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு உரியவர் குழி ஓரத்தில் நிற்க வேண்டும். ஏ.சி. ரூமில் இருந்துகொண்டு போடுகிற கையெழுத்துக்கு அங்கே மதிப்பு இல்லை.

பொதுஜனத்துக்கு இதில் வேலை உண்டா? உண்டு.

2004-ம் ஆண்டு ஜூலை 30-ந்தேதி பெல்ஜியம் நாட்டில் கிஸ்லெங்கியன் என்ற இடத்தில், தொழிற்பேட்டை நடுவே போன கியாஸ் குழாய் வெடித்து 24 பேர் இறந்தார்கள். அதற்கு முன்பு கட்டிட வேலையின்போது ஒரு மிஷின் குழாயைச் சுரண்டிவிட்டது. சுரண்டிய இடத்தில் சுவர் மெலிந்தது. பின்னால் அழுத்தத்தைக் கூட்டியபோது அந்த இடம் தாங்கவில்லை. அதற்குள் ஹாட் டேப்பிங் எதற்கு? ஒரு பல் கீறல் போதும்!

குழாய் போகும் வழி நெடுகிலும் அடையாளக் கம்பங்கள் நட்டிருப்பார்கள். கம்பெனியின் பெயரும் டெலிபோன் நம்பரும் அதில் இருக்கும். ஆடு மாடு கட்டுவதற்காக அந்தக் கம்பத்தைப் பிடுங்கி இடம் மாற்றுவது கூடாது. 2023 மார்ச் மாதத்தில் மத்திய அரசு செல்போனில் ஒரு செயலியும் கொண்டுவந்தது. பள்ளம் தோண்டுபவர்கள் முன்கூட்டியே அதில் சொன்னால், பூமிக்கு அடியில் குழாயோ கேபிளோ வைத்திருக்கும் கம்பெனிக்குத் தகவல் போகும்.

நிலத்தின் சொந்தக்காரருக்கும் கணக்கு உண்டு. 1962-ம் ஆண்டு குழாய்ச் சட்டப்படி நிலம் விவசாயிக்கே சொந்தம். குழாய் பதிக்கும் உரிமை மட்டும்தான் கம்பெனிக்கு. அதற்கு நஷ்டஈடாக நிலத்தின் மார்க்கெட் விலையில் 10 சதவீதம். இது கட்டுபடியாகாது என்றுதான் கொங்கு நாட்டு விவசாயிகள் கெயில் நிறுவனத்தின் குழாயை எதிர்த்தார்கள். தமிழக அரசும் 2013-ல் விவசாயிகள் பக்கம் நின்றது. 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு கெயில் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அந்தச் சட்டப்படி குழாய் போகும் பாதையின் மேல் வீடு கட்டக்கூடாது. மரம் வைக்கக்கூடாது. கிணறோ குளமோ வெட்டக்கூடாது. நெல்லோ, வேர்க்கடலையோ வழக்கம்போலப் பயிரிடலாம். ஏர் ஓட்டலாம். போர் போட மட்டும் வண்டி வரக்கூடாது.